பவர் அதிகமுள்ள பிக்கப்: முதல் மாற்றம் எது?

கேள்வி: 700 குதிரைத்திறன் கொண்ட பிக்கப் வாங்கியிருக்கிறேன். முதலில் ட்யூனிங் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) செய்வதா, எக்ஸாஸ்ட் மாற்றுவதா?

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். டயரில் ஆரம்பியுங்கள். 2021 முதல் 2024 வரையிலான ராம் டிஆர்எக்ஸ் என்ற அமெரிக்க பிக்கப் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் வி8 இன்ஜினோடு 702 குதிரைத்திறன் தந்தது. ஆனாலும் கம்பெனி அதன் வேகத்தை மணிக்கு 190 கி.மீ.யில் நிறுத்தி வைத்தது. இன்ஜினில் தெம்பு இல்லாமல் அல்ல, 35 அங்குல ஆல்-டெரெய்ன் டயரின் வரம்பு அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி என்றால் 190, எச் என்றால் 210. அந்த எழுத்தைத் தாண்டி எந்த ட்யூனும் உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோகாது.

இன்னொன்று, பின்பக்கச் சரக்குத் தொட்டி காலியாக இருக்கும் பிக்கப்பில் பின்சக்கரத்தின் மேல் எடை குறைவு. ஈரச் சாலையில் இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தும்போதே டாஷ்போர்டில் சக்கரம் வழுக்குவதைக் காட்டும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்கிறதா? அப்படியென்றால் இருக்கும் பவரே தரைக்குப் போய்ச் சேரவில்லை. அதன் மேல் இன்னும் 50 குதிரைத்திறன் சேர்த்தால் விளக்குதான் அதிகம் மினுக்கும். நீங்கள் ஓடுவது பெரும்பாலும் தார்ச்சாலை என்றால் முரட்டு மட் டயரை விட்டுவிட்டு நல்ல ரோடு டயருக்கு மாறுங்கள். வண்டி வேறு வண்டியாகிவிடும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) மட்டும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகக் கூடாது.

கேள்வி: நீண்ட இறக்கத்தில் பிரேக் பெடல் மெத்தென்று ஆகிவிடுகிறது. பெரிய டிஸ்க் கிட் போடலாமா?

பெடல் மெத்தென்று உள்ளே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த உத்தரவாதம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் வரும், பெடல் தொய்ந்துவிடும். பெடல் கல் மாதிரி இறுகி நின்று, வண்டி மட்டும் நிற்க மறுத்தால் அது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் சூடாகிப் பிடியை இழந்த கதை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அதனால் பழைய ஆயிலை முழுவதும் இறக்கிவிட்டு டாட் 4 அல்லது டாட் 5.1 ஊற்றி, கூடுதல் சூட்டைத் தாங்கும் பேட் போட்டுப் பாருங்கள். சிலிகான் வகையான டாட் 5 வேறு சமாச்சாரம், இதோடு கலக்கவே கூடாது. பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும். பெரிய கிட் வாங்குவதானால் உங்கள் வீலுக்குள் காலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்) அடங்குமா என்று அளந்த பிறகு பணம் கொடுங்கள்.

பவர் ஏற்றும் முன் பிரேக்கைப் பாருங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்று டன்னை நெருங்கும் வண்டியை மணிக்கு 140 கி.மீ.யிலிருந்து நிறுத்த, 100 கி.மீ.யிலிருந்து நிறுத்துவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சக்தியை டிஸ்க் சூடாக விழுங்க வேண்டும்.

கேள்வி: ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயும் ஃபில்டரும்) மாற்றினால் எவ்வளவு பவர் கூடும்?

ட்யூன் இல்லாமல் அதை மட்டும் போட்டால் சத்தம் கூடும், பவர் பெரிதாகக் கூடாது. மூடியில்லாத கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுத்தால் இருந்ததும் குறையும். எண்ணெய் பூசும் ஃபில்டர் என்றால் எண்ணெயை அளவோடு பூசுங்கள். மிஞ்சினால் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து தப்பான அளவைக் காட்டும்.

கேள்வி: அப்படியானால் ட்யூனிங்கை எப்போது செய்யலாம்?

டயர், பிரேக், அப்புறம் கூலிங். இந்த மூன்றும் சரியான பிறகு. டர்போவும் சூப்பர்சார்ஜரும் காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும். தொடர்ந்து மூன்று தடவை முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை இருந்த இழுவை மூன்றாவது தடவை இல்லையென்றால், சூடு ஏறியதால் கம்ப்யூட்டர் தானாகவே இக்னிஷன் டைமிங்கைப் (பொறி விழும் நேரத்தை) பின்தள்ளியிருக்கும். அந்த வண்டிக்கு வேண்டியது அந்தச் சூட்டைத் தணிக்கும் பெரிய இன்டர்கூலர் அல்லது ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதைப் போட்டாலே இழந்த பவர் திரும்ப வரும். ட்யூன் செய்தாலும் அப்போதுதான் நிலைக்கும்.

ட்யூன் செய்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "டேட்டா லாக் எடுத்துக் காட்டுவீர்களா?" நாக் (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கும் தட்டல்) வருகிறதா, உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு, பெட்ரோல்-காற்று விகிதம் என்ன என்று ஓட்டத்தின்போதே பதிவு செய்து காட்ட வேண்டும். டைனோவில் (பவர் அளக்கும் மெஷினில்) எடுத்த உச்ச எண்ணை மட்டும் காட்டுபவரிடம் உங்கள் இன்ஜினைக் கொடுக்காதீர்கள். எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு மேப் (கம்ப்யூட்டரில் ஏற்றும் ட்யூன் ஃபைல்) எழுதினார்களோ அதற்குக் குறைந்த பெட்ரோலை ஊற்றாதீர்கள். பூஸ்ட் (டர்போ, சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) ஏறினால் ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைக் குறைக்க வேண்டியிருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டீசல் வண்டிக்கு எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர் இல்லாமல் ட்யூன் வேண்டவே வேண்டாம்.

வாரண்டி இருக்கும்போது யோசித்துச் செய்யுங்கள். பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் மாற்றிய தடயம் பல கம்ப்யூட்டர்களில் தங்கிவிடும். புகையின் நச்சைக் குறைக்கும் டிபிஎஃப், ஈஜிஆர், கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பல நாடுகளில் சட்டவிரோதம், அந்தப் புகையைச் சுவாசிப்பதும் நாம்தான்.

கேள்வி: 35 அங்குல டயரை 37 ஆக்கினால் போதுமா, லிஃப்டும் (வண்டியை உயர்த்தும் கிட்) வேண்டுமா?

முதலில் என்ன போகிறது என்று பாருங்கள். டயர் பெரிதானால் ஒட்டுமொத்தக் கியர் விகிதம் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது போலாகும், அந்த அளவுக்கு இழுவை குறையும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 106-க்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள், அதனால் கேலிபரேட் செய்தே ஆக வேண்டும். டயரின் கூடுதல் எடை சக்கரத்தின் விளிம்பில் உட்காருவதால் கிளம்பவும் நிற்கவும் இன்னும் சிரமம். பர்ஃபார்மன்ஸ்தான் நோக்கம் என்றால் 35-இலேயே இருங்கள். பாறையும் சேறும்தான் உங்கள் பாதை என்றால் 37 போடலாம், லிஃப்ட் சிறியதாக இருக்கட்டும். உயர்த்த உயர்த்த முன்சக்கரத்துக்குப் பவர் கொண்டுபோகும் சிவி ஜாயின்டின் கோணம் மோசமாகும், வளைவில் வண்டி சாயும். முடித்த கையோடு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் சரி செய்யுங்கள்.

கேள்வி: வேகமாகக் கிளம்பும்போது பின்பக்கம் தட தடவென்று குதிக்கிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டதா?

கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வைத்த வண்டி என்றால் பெரும்பாலும் ஷாக் அல்ல. டார்க் ஏறும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு, பட்டையை எஸ் வடிவத்தில் வளைத்து, பட்டென்று விடுபடுகிறது. குதிக்க ஆரம்பித்த கணமே காலை எடுங்கள். அப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் யூனிவர்சல் ஜாயின்டோ டிஃபரன்ஷியலோ உடையும். நல்ல டிராக்‌ஷன் பார் (ஆக்ஸில் முறுக்காமல் பிடிக்கும் கம்பி) ஒரு ஜோடி போட்டால் அடங்கும். பவர் கூட்டும் எண்ணம் உள்ளவர்கள் இதை ட்யூனுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

கேள்வி: எல்லாச் சாமானும் வாங்கியாகிவிட்டது. ஒரே நாளில் மாட்டிவிடலாமா?

வேண்டாம். ஒன்றை மாட்டி, சில நாள் ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டி ஒரு சத்தம் வந்தால் எதிலிருந்து வருகிறது என்று தேடியே அலுத்துவிடுவீர்கள். வீல் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நட்டை முறுக்குங்கள், 100 கி.மீ. ஓடுவதற்குள் இன்னொரு முறை சரிபாருங்கள்.