வான்கோமைசின் லெவல் 26: ஊசியை ஏன் நிறுத்தினார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை நோய் உண்டு. காலில் புண் சீழ் வைத்து, மதுரையில் சேர்த்திருக்கிறோம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை 1 கிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை டிரிப்ஸில் ஏற்றினார்கள். நாலாவது டோஸுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மருந்தின் அளவு (லெவல்) 26 என்று வந்தது, உடனே நிறுத்திவிட்டார்கள். புண் ஆறுவதற்குள் நிறுத்தலாமா? (மேலூர் வாசகர்)

பதில்: நிறுத்தி வைத்தது சரிதான். ஊசி போடாவிட்டாலும் மருந்து அப்பாவின் உடம்பில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்த 26 காட்டுவதே அதைத்தான். வான்கோமைசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குச் சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகும். பல வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பழையது இறங்குமுன் புதியது ஏறினால் மருந்து தேங்கும். தேங்கிய மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், கெட்ட சிறுநீரகம் இன்னும் தேங்க வைக்கும். அடுத்த டோஸுக்குச் சற்று முன் எடுத்த ரத்தத்தில் மில்லிக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இந்த அபாயம் கூடுகிறது. மறுபடி லெவல் பார்த்து, 20க்குக் கீழே வந்ததும் டோஸைக் குறைத்தோ இடைவெளியை நீட்டியோ தொடங்குவது வழக்கம்.

ஆனால் அந்த 26 நிஜமான 26தானா என்று கேளுங்கள். காலை 9 மணி டோஸ் என்றால் 8.30 வாக்கில் ரத்தம் எடுக்க வேண்டும். டிரிப்ஸ் தொடங்கிய பிறகு எடுத்தாலோ, மருந்து ஏறிய ஊசி வழியாகவே எடுத்தாலோ அளவு பொய்யாகக் கூடித் தெரியும். கூட இருப்பவர் ஒரு நோட்டில் இப்படிக் குறித்தாலே போதும்: 'மருந்து ஏற்றத் தொடங்கியது 9.05, முடிந்தது 10.30, ரத்தம் எடுத்தது இரவு 8.35, இடது கை.' நேரம் தெரியாத லெவலை வைத்து எந்த டாக்டராலும் டோஸை முடிவு செய்ய முடியாது. 2020க்குப் பிறகு பல இடங்களில், மருந்து முடிந்து 1-2 மணி நேரத்தில் ஒன்று, அடுத்த டோஸுக்கு முன் ஒன்று என இரண்டு தடவை எடுத்து, நாள் முழுதும் ரத்தத்தில் இருந்த மொத்த மருந்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு நேரம் இன்னும் துல்லியமாக வேண்டும்.

சீக்கிரம் முடியட்டும் என்று டிரிப்ஸ் உருளையை நீங்களாகத் திருப்பிவிடாதீர்கள். 1 கிராம் ஏற 1 மணி நேரமாவது ஆக வேண்டும். வேகமாக ஏறினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், பிரஷர் இறங்கும்.

கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) 2 நாளுக்குள் 0.3 கூடினாலும் அது எச்சரிக்கைதான், 0.9 இருந்தது 1.2 ஆனால், 'நார்மலுக்குள்தானே' என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரை அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் அரை லிட்டருக்குக் கீழே போனால் உடனே சொல்லுங்கள். கால்வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்கவே கூடாது. இந்த வலி மாத்திரைகளால் சிறுநீரகச் சிக்கல் பெரிதாகும்.

ஒருவேளை அமிகாசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் ஊசிக்கு மாற்றினால் காதையும் கவனியுங்கள். இரைச்சல், தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம் எது வந்தாலும் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். போன கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. தாய்வழி உறவில் இந்த வகை ஊசியால் யாருக்காவது காது போயிருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

மேலூருக்கு வந்து ஊசியைத் தொடரச் சொன்னால், வாரம் ஒரு தடவையாவது கிரியாட்டினினும் லெவலும் பார்க்க வேண்டும். எல்லா லேபிலும் லெவல் பார்ப்பதில்லை. எங்கே அனுப்புவார்கள், ரிப்போர்ட் எப்போது வரும் என்று முதலிலேயே விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி லெவல், கிரியாட்டினின், டோஸ் நேரம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.