பூ கொட்டுகிறது, காய் இல்லை: மாடித் தக்காளிக்கு என்ன குறை?

கேள்வி: மதுரையில் மொட்டைமாடியில் முதன்முறையாகத் தக்காளி வளர்க்கிறேன். சமையலுக்கு வாங்கிய பழத்தின் விதைகளை மாசியில் போட்டேன். செடி இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. சித்திரை முழுக்கப் பூக்கள் உதிர்கின்றன. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. மண்புழு உரம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல் எல்லாம் கொடுத்துவிட்டேன். இன்னும் என்ன உரம் போடலாம்?

பதில்: எதுவும் போடாதீர்கள், போட்டதே அதிகம். பிண்ணாக்கில் தழைச்சத்து மிகுதி. அது இலையைத்தான் வளர்க்கும். ஆனாலும் பூ உதிர்வதற்கு முதல் காரணம் வெயில். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 25க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாக உருவாகாது. கருவுறாத பூவைச் செடி காம்பின் கணுவிலேயே கழற்றிவிடும். உங்கள் ஊர்ச் சித்திரை வெயிலோடு, இரவிலும் அனல் கக்கும் சிமென்ட் தளமும் சேர்ந்துகொண்டது. செடிக்கு நோய் ஒன்றுமில்லை.

பச்சை நிழல்வலை கட்டி அதைக் காப்பாற்றலாம். நானாக இருந்தால் பிடுங்கிவிடுவேன். மாதத்தை மாற்றுவதுதான் உண்மையான வைத்தியம். ஐப்பசித் தொடக்கத்தில் விதைத்தால் 25 நாளில் நாற்று தயாராகும். கார்த்திகையில் நட்டால் மார்கழிக் குளிரில் பூத்து, தையில் பழம் பறிக்கலாம்.

கடையில் விற்கும் பழம் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதை முளைக்கும்; தாயைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 விதை எளிதில் கிடைக்கும். குட்டையாக வளரும் ரகம் என்பதால் மாடிக்குத் தோதானது. அடுத்த ஆண்டுக்கும் விதை எடுத்துவைக்கலாம்.

பைக்கு ஒரு செடிதான். மூன்று நாற்றும் நன்றாக இருக்கிறதே என்று மூன்றையும் ஒரே பையில் நடுவதுதான் புதியவர்களின் வழக்கம்! பை 12 அங்குல அகலமாவது இருக்கட்டும். நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதி புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர்விடும். தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறும், ஆனால் பூ கொஞ்சம் அதிர வேண்டும். காற்றடிக்காத நாளில் காலை வேளையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள்.

காய்த்த பிறகு அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால் உடனே முட்டை ஓட்டைத் தேடாதீர்கள். ஓடு மட்கிச் சுண்ணாம்புச் சத்து வேருக்குச் சேர்வதற்குள் அறுவடையே முடிந்துவிடும். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருக்கும்; ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. தண்ணீர் அளவாக, தவறாமல் விடுங்கள். தளிர் இலைகள் சுருண்டு சிறுத்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது. இரக்கம் பார்க்காமல் அந்தச் செடியை அப்புறப்படுத்துங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டால் மற்ற செடிகளுக்குப் பரவுவது குறையும்.

இப்போதுள்ள பை மண்ணை ஐப்பசிவரை சும்மா விடவேண்டாம். நீங்கள் கொட்டிய தழைச்சத்தில் அரைக்கீரை செழித்து வரும். கத்தரியும் மிளகாயும் அதில் வேண்டாம். அவை தக்காளியின் குடும்பம், மண்வழி நோய்களும் பொது.