ஸ்வரம் பாதியில் அறுகிறதா? கலெக்டரில் மீட்டரை வையுங்கள்

கேள்வி: ஃபஸ் ஃபேஸ் (கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் பெடல்) வகை சர்க்யூட்டை பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) கட்டியிருக்கிறேன். இரண்டு பிசி 549 டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. சத்தம் வருகிறது, ஆனால் கம்பியை மீட்டியதும் கரகரத்து அறுந்துபோகிறது. ஒலியும் குறைவு. நடுவில் ரேடியோ வேறு கேட்கிறது. டிரான்சிஸ்டரை மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் கால்களின் வரிசையைச் சரிபாருங்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, பிசி 549-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 என்ற இன்னொரு டிரான்சிஸ்டருக்கு நேர் தலைகீழ். தலைகீழாகச் செருகினாலும் சத்தம் அடியோடு நிற்காது, பலவீனமாக வரும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

வரிசை சரியென்றால், மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டிலும் சிவப்பு முனையை இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரிலும் வையுங்கள். 4.5 வோல்ட் அளவில் இருக்க வேண்டிய இடம் அது. உங்களுக்கு 2 வோல்ட் பக்கம் காட்டினால் வியப்பில்லை. 1966-ல் வந்த மூல சர்க்யூட்டின் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்கு ஏற்ற மதிப்பு. உங்கள் பிசி 549 சிலிக்கான். அதன் பேஸ் 0.6 வோல்டில் திறப்பதால், இரண்டாவது எமிட்டர் 0.7, 0.8 வோல்டுக்கு ஏறிவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது 1 கிலோ ஓம் ஃபஸ் குமிழ். எனவே ஓடும் கரண்ட் 0.7, 0.8 மில்லி ஆம்பியர். அதே கரண்ட் மேலே 470 ஓம், 8.2 கிலோ ஓம் இரண்டையும் கடக்கும்போது 6 வோல்டுக்கு மேல் விழுந்துவிடும். சிக்னல் மேலே போக நிறைய இடம், கீழே இறங்க 1 வோல்டு சொச்சம். ஸ்வரம் தேயும்போது கரகரப்பு அங்கிருந்து வருகிறது.

8.2 கிலோ ஓமை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் டிரிம்பாட்டை (திருப்பி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) செருகுங்கள். 4.5 வோல்டில் நிறுத்தி, அடிக் கம்பியைத் திறந்தபடி ஒரே ஒரு முறை மீட்டி, வால்பகுதி மறையும்வரை காத்திருந்து கேளுங்கள். பிறகு துளி துளியாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் போனால் துப்பித் துப்பி நிற்கும், நடுவில் மெழுகுபோல் நீளும். 5 வோல்டுக்கு மேல் உங்கள் காதுக்குப் பிடித்தால் அங்கேயே விடுங்கள். மீட்டர் தொடங்கிவைக்கத்தான், முடிவு காதுடையது.

ஒலி குறைவுக்குக் காரணம் 470 ஓம். அவுட்புட் அந்த ரெசிஸ்டரின் மேல் விழும் சிறு பங்கை மட்டுமே எடுக்கிறது. 1 கிலோ ஓம் போட்டால் ஏறத்தாழ இரட்டிப்பாகும்; பிறகு டிரிம்பாட்டை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

ரேடியோவுக்கு, முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 100 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. நீண்ட ஜம்பர் வயர்கள் ஆன்டெனாவாக வேலை செய்யும், குட்டையாக வெட்டுங்கள். கீழ்ஸ்தாயி குழம்பினால் இன்புட்டின் 2.2 மைக்ரோ ஃபாரடை 0.47 ஆக்கிப் பாருங்கள்.

இன்னொன்று, கிட்டாரை நேரடியாக இதில் செருகுங்கள். நடுவே பஃபர் (சிக்னலை வாங்கி வலுவாக அனுப்பும் பகுதி) உள்ள பெடல் இருந்தால், கிட்டாரின் வால்யூமைக் குறைக்கும்போது ஃபஸ் தெளிந்து மணிபோல் ஒலிக்கும் அழகு போய்விடும். இந்த சர்க்யூட்டைக் கட்டுவதே அதற்காகத்தான்.