கணினி கேள்வி–பதில்: 17-வது குழு எங்கே போனது?

கேள்வி: ஆய்வகத்தின் லினக்ஸ் சர்வரிலுள்ள ஃபோல்டர்களை எல்லாக் கணினிகளிலும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபோல்டர்களைப் பகிரும் முறை) வழியாக மவுன்ட் செய்திருக்கிறோம், அதாவது இணைத்திருக்கிறோம். ஒருவருக்கு மட்டும் புதிய திட்டத்தின் ஃபோல்டர் ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது. அவர் அதற்குரிய குழுவில் இருக்கிறார். குழுவுக்கு எல்லா உரிமையும் உண்டு. சர்வரிலேயே லாகின் செய்தால் திறக்கிறது. பழைய ஃபோல்டர்களில் பிரச்சினை இல்லை. ஏன்?

பதில்: அவர் எத்தனை குழுக்களில் இருக்கிறார் என்று முதலில் எண்ணுங்கள். அவருடைய கணினியில் ‘ஐடி’ என்ற கட்டளை பட்டியலைக் காட்டிவிடும். 16-ஐத் தாண்டினால், காரணம் அநேகமாக அதுதான்.

என்எஃப்எஸ் பயனரை அடையாளம் காணும் வழக்கமான ‘செக்=சிஸ்’ முறையில் ஒவ்வொரு கோரிக்கையோடும் பயனர் எண்ணும் குழு எண்களும் சர்வருக்குப் போகின்றன. துணைக் குழுக்களுக்கு அதில் 16 இடம்தான். நெறிமுறையிலேயே உள்ள வரம்பு இது. எந்த செட்டிங்கிலும் கூட்ட முடியாது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் குழு எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி வைத்திருக்கும். முதல் 16 போகும், மிச்சம் விடுபடும். புதிய குழுவுக்குப் பெரும்பாலும் பெரிய எண்தான் கிடைக்கும் என்பதால் அடி வாங்குவதும் அதுதான்.

அவசரத்தில் ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்துவிடாதீர்கள். ஒருவருக்காக எல்லோருக்கும் எழுதும் உரிமையைத் திறந்துவிடுவீர்கள், கோளாறோ அப்படியே இருக்கும்.

சர்வரில் ‘/இடிசி/என்எஃப்எஸ்.கான்ஃப்’ கோப்பைத் திறந்து, ‘மவுன்ட்டி’ பகுதியில் ‘மேனேஜ்-ஜிஐடிஸ்=ஒய்’ என்று எழுதி, என்எஃப்எஸ் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இனி கிளையன்ட் (பயனரின் கணினி) அனுப்பும் குழுப் பட்டியலை சர்வர் பொருட்படுத்தாது. பயனர் எண்ணை வைத்துத் தானே தேடிக்கொள்ளும். பலர் சறுக்குவது இங்கேதான்: அந்தப் பயனரையும் குழுக்களையும் சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணக்குகள் கிளையன்ட்டில் மட்டும் இருந்தால், இதுவரை வேலை செய்தவர்களும் குழு உரிமையை இழப்பார்கள். ஆகவே மாற்றுவதற்கு முன்பே சர்வரில் ‘ஐடி’ கட்டளையைப் பயனர் பெயரோடு கொடுத்து, எண்களும் குழுக்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எல்டாப் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் சேவை) இருந்தால் சர்வரையும் அதில் இணைத்துவிடுங்கள்.

பிற்பாடு ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்தால் உடனே பலிக்காமல் போகலாம். சர்வர் பழைய பட்டியலை இயல்பாக 30 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் சர்வரில் ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -எஃப்’ கொடுங்கள்.

கேள்வி: கிளையன்ட்டில் ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியாக) இருந்தும் மவுன்ட் செய்த ஃபோல்டரில் கோப்பின் உரிமையாளரை மாற்ற முடியவில்லையே?

பதில்: அது கோளாறு அல்ல, ‘ரூட் ஸ்குவாஷ்’ என்ற காவல். கிளையன்ட்டின் ரூட்டை சர்வர் ‘நோபடி’யாக, வழக்கமாக 65534 என்ற எண்ணாக, மாற்றிவிடும். ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ போட்டால் வேலை நடக்கும். ஆனால் அந்தக் கணினியில் ரூட் ஆகிறவர் எவரும் அந்த ஃபோல்டரில் எதையும் செய்யலாம். உரிமையாளரை சர்வரிலேயே மாற்றிவிடுங்கள்.