சுழித்தெழுதும் அழைப்பிதழ்

கேள்வி: மகளின் திருமண அழைப்பிதழை ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிடுகிறோம். ஆங்கிலப் பெயர்கள் கொடிபோல் சுழித்தோடும் எழுத்துருவில் மிக அழகாக இருக்கின்றன. தமிழையும் அதே பாணியில் அமைத்து அச்சகத்தார் காட்டிய மாதிரியை என் மாமியாரால் படிக்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: உங்கள் மாமியார் பக்கமே நான். அந்த ஆங்கில எழுத்து, கூர்முனை இறகுப் பேனாவின் பிள்ளை. பேனாவைக் கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் கோடு தடிக்கும். மேல்நோக்கித் தளர்த்தினால் மயிரிழையாகும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் எழுத்தாசான்கள் இக்கையெழுத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கிப் பயிற்சி நூல்களாக வெளியிட்டார்கள். அவர்களுள் ஒருவரான சார்லஸ் ஸ்னெல்லின் எழுத்தைத் தழுவியே 1960-களில் மேத்யூ கார்ட்டர் ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ எழுத்துருவை வரைந்தார். சாய்ந்த எழுத்துகளை ஒன்றோடொன்று இழையவிடுவது ஈய அச்செழுத்தில் பெரும்பாடு. எழுத்தை ஈயத்தில் வார்க்காமல் ஒளிப்படமாகப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்த பிறகே அது எளிதாயிற்று.

தமிழ் எழுத்து வளர்ந்த வழி வேறு. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு ஏறத்தாழ ஒரே தடிமனில் ஓடும். எழுத்துகள் தனித்தனியே நிற்கும். அழகெல்லாம் வளைவிலும் சுழியிலும்தான். அதன்மேல் மயிரிழையையும் பின்னலையும் ஏற்றினால் ‘ண’வும் ‘ன’வும் மயங்கும், மெய்யெழுத்தின் புள்ளி அலங்கார வாலுக்குள் மறையும். புள்ளியிடாத சுவடியைப் புலவர்கள் படித்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். கல்யாணத்துக்கு வரும் அத்தைமார்களிடம் அதை எதிர்பார்க்கலாகாது.

ஆகவே ஆங்கிலத்தில் மணமக்களின் பெயர்களுக்கு மட்டும் சுழியெழுத்தை வைத்துக்கொண்டு, முகூர்த்த நேரத்தையும் மண்டப முகவரியையும் நேரான எழுத்தில் அமையுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு ஒரே தடிமனுள்ள, வளைவுகள் விரிந்த மெல்லிய எழுத்துருவைச் சற்றுப் பெரிதாகப் பயன்படுத்துங்கள். ‘சு’, ‘பு’, ‘ழு’ போன்றவை கீழே இறங்குவதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள். பொன்னிறத் தாள் பதித்து அச்சிடுவதாக இருந்தால், மெல்லிய கோடுகள் அறுந்துபோகக்கூடும் என்பதால், நீங்கள் தேர்ந்த அதே அட்டையில் ஒரு மாதிரி அடித்துப் பார்த்த பிறகே முழு வேலைக்கும் ஒப்புதல் கொடுங்கள். கணினித் திரையில் பார்த்தது போதாது.

கேள்வி: பணி ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கான பாராட்டுச் சான்றிதழில், அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இதே சுழியெழுத்துப் பாணியில் அச்சிடலாமா?
– ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். இவ்வகை எழுத்துருவில் பெரிய எழுத்துகள் சொல்லின் முதலில் தனித்து நிற்பதற்கென்றே வரையப்பட்டவை. வரிசையாக நிறுத்தினால் ஒன்றின் சுருள் அடுத்ததின் மேல் ஏறிக்கொள்ளும். முதலெழுத்தை மட்டும் பெரிதாக்குங்கள். பெயருக்கு நடுவே இன்னாரின் மகன், மகள் என்று காட்ட வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ இன்னொரு தொல்லை: அந்தச் சாய்கோடும் சாய்ந்த எழுத்தும் சேர்ந்து ஒரே கிறுக்கலாகத் தெரியும். அதை மட்டும் நேரான சிறிய எழுத்தில் போடச் சொல்லுங்கள்.