19ஆம் நூற்றாண்டு அமெரிக்க 'பேட்டர்ன் புக்' என்றால் என்ன?

வீட்டின் முகப்புப் படம், அறைகளின் வரைபடம், உத்தேசச் செலவு, கூடவே கொஞ்சம் அறிவுரை. இவை சேர்ந்த மாதிரிப் புத்தகம்தான் பேட்டர்ன் புக். அன்று அமெரிக்காவில் பயிற்சி பெற்ற கட்டடக் கலைஞர்கள் குறைவு. ஊர்ப்பக்கம் வீடு கட்டியது உள்ளூர்த் தச்சர். அவருக்கு வேலை தெரியும், காட்டுவதற்கு மாதிரிதான் இல்லை. டெய்லர் கடை ஆல்பத்தைப் புரட்டி, "இந்தக் கழுத்து, அந்தக் கை" என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதை.

இதில் பெரிய பெயர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங். ஹட்சன் ஆற்றங்கரை நியூபர்க்கில் நாற்றுப்பண்ணை நடத்தியவர். 1842இல் ஒரு புத்தகம், 1850இல் இன்னொன்று. குடும்பமே கவனித்துக்கொள்ளும், மிஞ்சினால் ஒன்றிரண்டு வேலையாட்கள் போதும் என்கிற சிறிய வீடு காட்டேஜ். மூன்று பேராவது தேவைப்பட்டால் வில்லா என்று பிரித்தார். செங்குத்தாகப் பலகை அடித்து, இடுக்கை மெல்லிய சட்டத்தால் மூடும் சுவர் அவருக்குப் பிடிக்கும். வெள்ளை பெயின்ட் மட்டும் ஆகவே ஆகாது! பசுமைக்கு நடுவே கண்ணைக் குத்துமாம். மண், கல், வைக்கோல் நிறங்களைச் சொன்னார். நாற்றுக்காரர் அல்லவா.

சரி, படத்தைப் பார்த்து அப்படியே கட்டினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தச்சர்கள் கையிலிருந்த மரத்துக்கும் வீட்டுக்காரரின் பணத்துக்கும் தக்கபடி தாராளமாக மாற்றிக்கொண்டார்கள்.