மழை மாசமும் பன்றிக் கொட்டகையும்: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா பக்கம் ஒரு தவுக்கேயின் (முதலாளியின்) பன்றிப் பண்ணையில் 26 வருஷம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி குட்டி போடும் கொட்டகையில்தான். இப்போது மூட்டு வலி, வீட்டோடு இருக்கிறேன். ஆண்டுக் கடைசி மழை பிடித்துவிட்டால் கோயில் வாசலிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஆளுக்கொன்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை டாக்டர் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

பீடோரிலிருந்து ஓர் அக்கா: அண்ணே, நம்ம ஊரில் ஏது குளிர்? ராத்திரி 23 டிகிரி இருக்கும். அப்படியும் மழை மாசத்தில் என் குட்டிகள் ரெண்டு, மூன்று செத்துப்போகின்றன. ஏன்?

அக்கா, 23 டிகிரி உங்களுக்கும் எனக்கும் சுகம். அன்றைக்குப் பிறந்த குட்டிக்கு 32லிருந்து 34 டிகிரி வேண்டும். ஒன்றரைக் கிலோகூட இருக்காது, மயிரும் இல்லை, கொழுப்பும் இல்லை. தாய் வயிற்றுக்குள் 39 டிகிரியில் கிடந்தது, ஈர உடம்போடு சிமெண்டில் வந்து விழுகிறது. தாய்க்கோ 20 டிகிரியே தாராளம். ஒரே கூண்டுக்குள் ரெண்டு விதச் சூடு வேண்டும், தகராறே அங்கேதான். கொட்டகை முழுக்கச் சூடாக்கினால் தாய் மூச்சு வாங்கும், தீனி எடுக்காது, பால் குறையும்.

அதனால் குட்டிக்கு மட்டும் மூலையில் ஒரு பெட்டி செய்யுங்கள். மூன்று பக்கமும் மேலேயும் பலகை, வாசலில் கிழித்த கோணிச்சாக்கு. உள்ளே நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த மரத்தூள் அல்லது உமி. மேலே 175 வாட் சூட்டு விளக்கு, குட்டியின் முதுகிலிருந்து ஒன்றரை, ரெண்டு அடி தள்ளி. அதைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். கயிறு எரிந்து கொட்டகையே போன கதை உண்டு.

தாய் நசுக்கிவிட்டது என்று தாயைத் திட்டுவோம். பெட்டி கதகதப்பாக இல்லாவிட்டால் குட்டி எங்கே போகும்? தாயின் வயிற்றடியில்தான் போய் ஒண்டும். தாய் புரண்டு படுத்தால் முடிந்தது.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் படுக்கையைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காலை மடக்கி, நடுங்கிக்கொண்டு கிடந்தால் குளிர். விளக்கை விட்டு விலகி ஓரத்தில் மூச்சிரைத்துக் கிடந்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில், ஒருக்களித்து, காலை நீட்டித் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

பண்ணை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி: அங்கிள், விறைத்துப்போன குட்டியைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். முதலில் அதன் வாய்க்குள் விரலை விட்டுப் பார், தம்பி. வாய் ஜில்லென்று இருந்தால் உள்ளே உடம்பும் குளிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் பால் ஊற்றாதே. நான் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி கரண்ட் போய், அவசரத்தில் அப்படித்தான் ஊற்றினேன். விழுங்கத் தெம்பில்லாமல் பால் நெஞ்சுக்குள் இறங்கி, என் கையிலேயே செத்தது. இன்றைக்கும் அந்தக் கனம் உள்ளங்கையில் இருக்கிறது.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடு, முழங்கையை வைத்தால் சுடக்கூடாது. தலை வெளியே இருக்கும்படி பிடித்துக் கழுத்துவரை முக்கு. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் காலை உதைக்கும். எடுத்து ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துப் பெட்டிக்குள் விடு. வாய் சூடான பிறகு தாயிடம் கறந்த சீம்பாலைக் கொடு. சப்பத் தெரிந்தால் மடியிலேயே விடலாம். சீம்பால் முதல் 24 மணி நேரத்துக்குள் உள்ளே போகவேண்டும், அதற்குப் பிறகு அதில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குடல் உள்ளே வாங்காது. மூன்றாம் நாளுக்குள் இரும்புச்சத்து ஊசியும் போட்டுவிட வேண்டும்.

சிலிம் ரிவர் அண்ணன் ஒருவர்: மழைக்குத் தீனியைக் கூட்ட வேண்டுமா?

பெரிய பன்றிக்கு, கொட்டகை காய்ந்திருந்தால் வேண்டாம் அண்ணே. நனைந்த சிமெண்டில் படுக்க வைத்தால் கூட்டித்தான் ஆகவேண்டும். ஈரத் தரையில் கிடக்கும் பன்றிக்கு 5 டிகிரிக்கு மேல் குறைந்த மாதிரி இருக்கும். நீங்கள் போடும் சோளம் கறியாகாமல் உடம்பைச் சூடாக்குவதிலேயே போய்விடும். சாயங்காலம் ரப்பர் குழாயை வைத்துக் கழுவும் பழக்கத்தை மழை மாசத்தில் விடுங்கள். காலை பத்து மணிக்குக் கழுவினால் இருட்டுவதற்குள் தரை காயும். தீனிக்குக் கூடுதலாகக் கொட்டும் காசு இங்கேயே மிச்சமாகும்.

குட்டி பிரித்த பிறகு எலும்பு தெரிய நிற்கும் தாய்ப்பன்றிக்கு மட்டும் அரைக் கிலோ சேர்த்துப் போடுங்கள். மெலிந்ததுதான் குளிருக்கு முதலில் நடுங்கும்.

அதே அண்ணன்: மரவள்ளிக்கிழங்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) கொட்டைப் புண்ணாக்கும் மலிவாகக் கிடைக்கிறதே?

மரவள்ளியைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைடு இருக்கிறது. சீவி வெயிலில் காயவைக்க வேண்டும், வெயில் இல்லாவிட்டால் வேகவைக்க வேண்டும். கிழங்கில் மாவுச்சத்துதான், சோயாப் புண்ணாக்கு சேர்க்காவிட்டால் தொப்பை விழும், சதை பிடிக்காது. செம்பனைப் புண்ணாக்கு மணல் மாதிரி நறநறவென்று இருக்கும். சினைப்பன்றியும் விற்கப்போகும் பெரிய பன்றியும் கொஞ்சம் தாங்கும், பால் மறந்த குட்டிக்கு வேண்டாம்.

மூட்டையைத் தரையிலும் சுவரை ஒட்டியும் அடுக்காமல், அடியில் கட்டை போட்டு அடுக்குங்கள். மழை மாசத்தில் சோளம் பூஞ்சை பிடிக்கும். கையை உள்ளே விட்டுக் கட்டி கட்டியாக, சூடாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். வயிறு எரியும்தான். ஆனால் அதைத் தின்றால் ஈரல் கெடும், சினை கலையும்.

கம்பாரிலிருந்து ஓர் அம்மா: மகன் கனடாவில் பன்றிப் பண்ணையில் இருக்கிறான். மனித்தோபாவில் மைனஸ் 30 என்கிறான். அங்கே எப்படித்தான் வளர்க்கிறார்கள்?

அங்கே போய் நான் பார்த்ததில்லையம்மா. எங்கள் பண்ணைக்கு வந்த தீவனக் கம்பெனிக்காரர் அங்கெல்லாம் வேலை செய்தவர், அவரிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். பெரிய பண்ணையென்றால் சுவருக்குள் பஞ்சு அடைத்த கட்டடம், கேஸ் அடுப்பு, காற்றாடி. அங்கே பெரும்பாடு காற்றை வெளியேற்றுவதுதான். சூடு போய்விடும் என்று எல்லாவற்றையும் அடைத்தால் பன்றி விடும் மூச்சே ஈரமாகிக் கூரையிலிருந்து சொட்டும்.

வெளியில் வளர்ப்பவர்கள் கூண்டு வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் போடுவார்கள். பன்றி அதைக் குடைந்து உள்ளே போய் மூக்கு மட்டும் தெரியக் கிடக்கும். காய்ந்த வைக்கோல் இருந்தால் நாலு டிகிரி சேர்ந்த மாதிரி. காற்று அடிக்கும் பக்கம் வாசல் வைக்க மாட்டார்கள். தாங்கும் அளவுக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் வளரும் பன்றிக்கு நாளைக்கு 25லிருந்து 40 கிராம் தீனி கூடத் தேவை. 10 டிகிரி இறங்கினால், ஆயிரம் பன்றிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தவுக்கே ஏன் முறைக்கிறார் என்று தெரியும்.

அதைவிடத் தண்ணீர். குழாய் உறைந்தால் பன்றி தீனியையும் தொடாது. நாள் கணக்கில் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு மொத்தமாகக் குடித்தால், உப்பு தலைக்கேறி வலிப்பு வந்து சாகும். காலையில் முதல் வேலையாகத் தண்ணீர்க் குழாயை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள் மகனை. அவனையும் காதுமூடிக் குல்லா போடச் சொல்லுங்கள்.

தோட்டத்து லயத்திலிருந்து ஒருவர்: மழைச்சாரலுக்குக் கான்வாஸ் கட்டினேன். இப்போது எல்லாம் இருமுகின்றன.

முழுக்க இழுத்துக் கட்டியிருப்பீர்கள். உள்ளே போய்க் குந்தி உட்காருங்கள், பன்றி மூக்கு இருக்கும் உயரத்தில். மூத்திர வாடை கண்ணை எரிக்கிறதா? அதுதான் காரணம். கீழ்ப்பக்கம் அடைத்து, கூரைக்கடியில் ஒரு முழம் திறந்து விடுங்கள். படுத்திருக்கும் பன்றிமேல் காற்று அடிக்கக்கூடாது, மேலே காற்று ஓடவேண்டும். ரெண்டு நாளில் நிற்காவிட்டாலும், தீனி எடுக்காமல் காய்ச்சலாகக் கிடந்தாலும் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லை என்று பயந்து மறைக்காதீர்கள். முதலில் லைசென்ஸ் இல்லாமல் வளர்க்காதீர்கள்.

அவரே மறுபடியும்: கொட்டகை மேல் ரம்புத்தான் மரம் இருக்கிறது. சாரல் விழாது, நல்லதுதானே?

வெட்டிவிடுங்கள். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் ஆரம்பித்துப் பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் வரைக்கும் போன நிப்பா வைரஸ் நோயை மறந்துவிட்டீர்களா? பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம், அதன் எச்சம், இதெல்லாம் பன்றிக்குப் போய், பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள். மலேசியாவில் 105 பேர் போனார்கள், 10 லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். கொட்டகைப் பக்கத்தில் பழமரமே ஆகாது.

சுங்கை ஊரிலிருந்து தம்பி ஒருவன்: செம்பனைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி சுட்டோம். குடலை வீட்டுப்பன்றிக்குப் போடலாமா?

கூடவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021ல் சபா மாநிலத்தில் உறுதியானது, அதன் பிறகு நம்ம தீபகற்ப மலேசியாவுக்கும் வந்துவிட்டது. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, பன்றிக்கோ வைத்தியமே இல்லை. காட்டுப்பன்றியின் ரத்தம் பட்ட கத்தி, பூட்ஸ், அந்தச் சட்டை எதையும் கொட்டகைப் பக்கம் கொண்டுபோகாதே. சாப்பாட்டுக் கடை எச்சில் சோறும் அதே ஆபத்துதான், அதற்குள் பன்றிக்கறித் துண்டு கிடக்கும்.

கடைசியாகத் தண்டல் (மேஸ்திரி) வேலை பார்த்த மாமா: குளிருக்கு ஒரு மூடி சம்சு (மலிவுச் சாராயம்) ஊற்றினால் பன்றி தெம்பாக நிற்குமாமே?

நிற்காது மாமா. குடித்தவுடன் தோல் சூடாகத் தெரியும், உள்ளே இருக்கும் சூடுதான் அப்படி வெளியே போகிறது. அந்தக் காசுக்கு ரெண்டு மூட்டை மரத்தூள் வாங்கிப் போடுங்கள். பலகை மில்லில் காலையில் போனால் காய்ந்தது கிடைக்கும், மதியத்துக்கு மேல் மழையில் நனைந்ததைத்தான் தள்ளிவிடுவான்.